உகந்தைக் காட்டுப்பாதை: குமுக்கன் ஆற்றங்கரையில் முதல்முறை தங்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் வேலோடு வெளிக்கிட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோரமாக நடந்தே கதிர்காமம் போகிற சாமிமாருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து, காட்டுப்பாதை தொடங்குகிற உகந்தைக்கு வந்து சேரும்போது அவர்களுக்குக் காலும் பழகிவிடும், வெறுந்தரையில் படுக்கிற முதுகும் பழகிவிடும். நான் எழுதுவது மற்ற ஆட்களுக்கு. வேலையில் ஒரு கிழமை லீவுதான் கிடைக்கும், உகந்தை வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து காட்டுப்பாதையை மட்டும் நடக்க வேண்டும், நடுவில் குமுக்கன் ஆற்றங்கரையில் ஓர் இரவாவது மரத்தடியில் படுத்தெழும்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு.

யாரிடம் விபரம் கேட்டாலும் "முருகன் பார்த்துக்கொள்வான்" என்ற பதில்தான் வருகிறது. பார்த்துக்கொள்வான்தான். ஆனால் அடையாள அட்டையையும் தண்ணீர்ப் போத்தலையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்குக் கிணறு தெரியும், குளம் தெரியும், கடல் தெரியும். மாரிக்கு மட்டும் ஓடுகிற வழுக்கியாற்றை விட்டால் ஆறு தெரியாது. ஆற்றங்கரையில் எங்கே படுக்கலாம், எங்கே குளிக்கக்கூடாது என்பது கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும். நாம் கேட்டுத்தான் படிக்க வேண்டும்.

1. திகதியை உறுதிப்படுத்தாமல் லீவு போடாதீர்கள்

இந்தப் பாதை குமண, யால வனவிலங்குப் பூங்காக்களுக்குள்ளால் போகிறது. வருடம் முழுக்கத் திறந்திருக்காது. கதிர்காமத்து ஆடிவேல் விழாவை ஒட்டி ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு மட்டும் திறப்பார்கள். கொடியேற்றம் அமாவாசையைப் பார்த்து வருவதால் ஆங்கிலத் திகதி ஆண்டுக்காண்டு மாறும். ஓர் ஆண்டு ஜூன் நடுப்பகுதியில் திறந்தால் இன்னோர் ஆண்டு ஜூன் முடிவில் திறக்கும்.

திறக்கிற திகதி மாவட்டச் செயலக மட்டத்துக் கூட்டங்களில்தான் முடிவாகும். அந்த முடிவு வருகிற வரை யார் என்ன சொன்னாலும் அது ஊகம். அறிவித்த பிறகும் ஓரிரு நாள் முன்பின்னாக மாற்றிய ஆண்டுகள் உண்டு. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற நோட்டீசுகளில் பாதி போன வருடத்தவை. ஆண்டைப் பார்க்காமல் நம்பி லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும். நான் போக ஆயத்தமான வருடம் ஓர் அலுவலகத்தில் ஒரு திகதியும், அதே அலுவலகத்தின் அடுத்த மேசையில் வேறொரு திகதியும் சொன்னார்கள். ஆகவே இரண்டு இடத்திலாவது கேளுங்கள். உகந்தைமலை முருகன் ஆலயத்துடன் தொடர்புள்ள யாரிடமாவது ஒரு தடவை, லகுகலை பிரதேச செயலகத்தில் அல்லது அம்பாறைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஒரு தடவை. இரண்டும் ஒத்துப்போனால் பஸ்ஸுக்குப் பதியுங்கள்.

எந்த நாளில் இறங்குவது? திறக்கிற அன்று வாசலில் திருவிழாக் கூட்டம் நிற்கும். படம் எடுக்க நல்ல நாள், நடக்க நல்ல நாளில்லை. கடைசி இரண்டு மூன்று நாளும் வேண்டாம். அன்னதானக் கொட்டில்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிடும், தண்ணீர்த் தாங்கிகள் காலியாகும், உங்களுக்குப் பின்னால் வர ஆளிருக்காது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சனி ஞாயிறைத் தவிர்த்து இறங்குவதுதான் என் கணக்கு.

2. கூட்டம் சேருங்கள், ஆனால் பெருங்கூட்டம் வேண்டாம்

தனியாகப் போக நினைக்கவே வேண்டாம். எட்டுப் பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை நல்ல அளவு. சமைக்க ஒரு பானை போதும், இரவில் முறை வைத்து விழித்திருக்கலாம், ஒருவருக்குக் கால் பிசகினாலும் அவருடைய சாமானைப் பங்கு போடலாம். அந்தக் கூட்டத்தில் முன்பு நடந்த ஒருவராவது இருக்க வேண்டும். அப்படி யாரும் அகப்படாவிட்டால் உகந்தைக் கோயிலடியிலேயே கேட்டுப் பாருங்கள். வேல் தாங்கிப் போகிற கூட்டங்கள் புது ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும். அங்கே வயது, பதவி பார்க்காமல் எல்லாரும் "சாமி"தான். உங்களுடைய மகன் வயதுப் பெடியனும் சாமி, நீங்களும் சாமி.

உள்ளே இறங்க முதல் ஒரு விஷயத்தை மட்டும் கதைத்து முடியுங்கள்: ஆகக் கடைசியாக யார் நடப்பது. கெதியாக நடக்கிற ஆள் முன்னுக்கு ஓடி, மெதுவாக நடக்கிற அம்மா தனியே பின்தங்குவதுதான் இந்தப் பாதையில் வழக்கமாக நடக்கிற பிழை. நல்ல நடைகாரர் ஒருவரைக் கடைசிக்குப் போடுங்கள்.

3. ஆவணங்கள்

தேசிய அடையாள அட்டை கட்டாயம். உகந்தை வாசலில் பெயர் விபரம் பதிந்துதான் உள்ளே விடுவார்கள். பையையும் திறந்து பார்ப்பார்கள். அட்டையோடு இரண்டு நிழற்பிரதி எடுத்து, ஒன்றைப் பையின் அடியிலும் மற்றதைக் கூட்டத்தில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம் அல்லது கடவுச்சீட்டு இருந்தால் அதையும் கொண்டு போகலாம். அட்டை தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாடு, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், புது அட்டைக்கு விண்ணப்பம் என்று நாள் இழுபடும். வைகாசி பிறக்கும்போதே அந்த வேலையைத் தொடங்குங்கள், கடைசிக் கிழமையில் ஓட வேண்டாம்.

பிள்ளைகளைக் கூட்டிப் போனால் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி. மருமக்களையோ அயலார் பிள்ளையையோ கூட்டிப் போனால் தாய் தகப்பன் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று, தொலைபேசி எண்ணோடு. லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் வருகிற சொந்தக்காரர் கடவுச்சீட்டை யாழ்ப்பாணத்து வீட்டு அலுமாரியில் பூட்டிவிட்டு வரக்கூடாது.

சீனி வருத்தம், பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்கள் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படியெடுத்துக் கொண்டு வாருங்கள். அதோடு ஒரு சின்னத் துண்டில் பெயர், இரத்த வகை, எடுக்கிற மருந்து, வீட்டு எண். இதைப் போனில் எழுதி வைத்துப் பயனில்லை. உகந்தை தாண்டி இரண்டாம் நாள் பெரும்பாலான போன்கள் செத்துவிடும்.

நடந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் ரசீது கேளுங்கள்.

4. செலவு

காட்டுக்குள் காசுக்கு வேலையில்லை. செலவெல்லாம் போக்குவரத்திலும் ஆயத்தத்திலும்தான். யாழ்ப்பாணத்திலிருந்து போய், நடந்து, கதிர்காமத்தில் ஓர் இரவு தங்கி, திரும்பி வர ஓர் ஆளுக்குக் கையில் 20,000 ரூபாய் வைத்துக்கொள்ளச் சொல்வேன். சிக்கனமாகப் போகிறவர்கள் இதைவிடக் குறைவாக முடிப்பார்கள், அன்னதானத்தை நம்பிப் போனால் இன்னும் குறையும். ஆனால் பாதி வழியில் நடக்க முடியாமல் போனால், திரும்ப ஒரு வாகனத்துக்கும் ஒரு வைத்தியசாலைச் செலவுக்கும் காசு இருக்க வேண்டும்.

காசு எடுக்க வேண்டுமென்றால் பொத்துவிலிலேயே எடுத்துவிடுங்கள். 5,000 ரூபாய்த் தாளாக வைத்திருந்து பிரயோசனமில்லை. பாணமையில் ஒரு ஓட்டோக்காரரிடம் அதை நீட்டினால் அவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

5. சுமை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள். புதிதாக வருகிறவர்களைக் கவிழ்ப்பது யானையும் இல்லை, சிறுத்தையும் இல்லை. முதுகில் தொங்குகிற பை. முதல் நாள் மத்தியானம் பாதையோரம் பாருங்கள், ஆட்கள் சாமான்களை இறக்கி யாருக்காவது தானம் பண்ணிக்கொண்டிருப்பார்கள்.

தண்ணீர் இல்லாமல் எட்டுக் கிலோ. அதற்கு மேல் போகக்கூடாது. வீட்டில் தராசில் வைத்துப் பாருங்கள். பிறகு அந்தப் பையைப் போட்டுக்கொண்டு ஒரு விடியக்காலை பருத்தித்துறை வீதியில் பத்துக் கிலோமீற்றர் நடந்து பாருங்கள். தோளில் எந்த இடத்தில் பட்டி வெட்டுகிறது என்பது அன்றைக்கே தெரியும். வெட்டுகிற இடத்தில் பழைய துவாயை நான்காக மடித்து, பட்டியோடு சேர்த்துக் கோணி ஊசியால் தையுங்கள். வெறுமனே செருகி வைத்தால் அரை மணித்தியாலத்தில் நழுவி முதுகுக்குப் போய்விடும்.

படுக்கைக்கு ஒரு பாயைவிட மெல்லிய படங்கு நல்லது. ஆறடிக்கு எட்டடி, இரண்டு பேருக்குப் போதும். மண்ணில் ஈரம் ஏறாது, திடீரென்று தூறினால் மேலே இழுத்துக் கட்டலாம். போர்க்க ஒரு பருத்திச் சாரம் அல்லது பழைய சேலை. கூடாரம் கொண்டு வருகிறவர்களும் உண்டு. பாரம் குறைந்ததாக இருந்தால் சரி, நுளம்புக்கும் உண்ணிக்கும் நல்லது. கம்பியும் கூடாரத் துணியுமாக நாலு கிலோ என்றால் வீட்டில் வைத்துவிட்டு நுளம்பு வலை ஒன்றைக் கொண்டு போங்கள்.

உடுப்பு இரண்டு சோடி போதும், ஒன்று உடம்பில், ஒன்று பையில். நடக்க மெல்லிய நீளக் காற்சட்டை அல்லது சாரம், முழுக்கைச் சட்டை. முள்ளுப் பற்றைகள் அதிகம். காலுக்கு? நேர்த்தி வைத்து வெறுங்காலோடு நடக்கிறவர்களை நான் மறிக்கவில்லை. மற்றவர்கள் பழகின செருப்போடு வாருங்கள். யாத்திரைக்கென்று வாங்கின புதுச் சப்பாத்து முதல் நாளே குதிக்காலில் கொப்புளம் போடும். பகலில் மணல் கொதிக்கும், அதனால் வெறுங்கால்காரரும் ஒரு சோடி ரப்பர்ச் செருப்பைப் பையில் போட்டு வையுங்கள்.

சாப்பாட்டில் ஈரப்பதம் இல்லாததாகப் பாருங்கள். வறுத்த அரிசிமா, சத்துமா, அவல், பொரிவிளாங்காய், பனங்கட்டி, கடலை, பருப்பு, அரிசி. வறுத்த மாவில் பனங்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் குழைத்தால் ஐந்து நிமிடத்தில் காலைச் சாப்பாடு. ரின் மீனும் கருவாடும் யாத்திரைக்குப் பொருந்தாது என்பது ஒருபுறம், அந்த மணத்துக்குக் கரடி வரும் என்பது இன்னொரு புறம். வாழைப்பழச் சீப்பும் அன்னாசியும் கொண்டு வந்தால் உகந்தையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். பழுத்த பழத்தின் மணம் யானைக்குத் தூரத்திலிருந்தே பிடிபடும்.

மீதி: டோர்ச், மேலதிக பற்றரி, இரண்டு தீப்பெட்டி (ஒன்று பொலித்தீனில் சுற்றி, வேறொருவர் பையில்), சின்னக் கத்தி, பத்து மீற்றர் கயிறு, ஊசி நூல், ஜீவனி பைக்கற்றுகள் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள்), பனடோல், தைலம், பிளாஸ்டர். இரண்டு லீற்றர் கொள்ளும் உலோகப் போத்தல் ஒன்று. எறிந்துவிடுகிற பிளாஸ்ரிக் போத்தல்களையும் பொலித்தீன் பைகளையும் வாசலில் பிடுங்குவார்கள், பிடுங்கத்தான் வேண்டும்.

6. உகந்தை போய்ச் சேர்வது

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் போகிற இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்தில் ஏறுவதுதான் சுகம். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில், பொத்துவிலிலிருந்து பாணமை. பாணமையிலிருந்து உகந்தை ஏறக்குறைய 16 கிலோமீற்றர். மற்ற மாதங்களில் இந்தத் துண்டுக்கு வாகனம் பிடிப்பதே பெரும்பாடு. யாத்திரைக் காலத்தில் உகந்தை வரை விசேட பஸ்கள் ஓடும், ஆனால் பின்னேரத்துக்குப் பிறகு அவற்றை நம்பக்கூடாது. மத்தியானத்துக்கு முன் பொத்துவிலில் நிற்கிற மாதிரிப் பயணத்தை அமையுங்கள்.

அன்றைக்கே காட்டுக்குள் இறங்கக்கூடாது. உகந்தைக் கோயிலில் கும்பிட்டு, மலையேறிப் பார்த்து, அங்கேயே இரவு படுத்து, விடிய வாசலுக்குப் போங்கள். பின்னேரம் வந்தவர்களை உள்ளே விடுவதுமில்லை. கோயிலுக்கு முன்னால் கடல் அழகாகத் தெரியும், ஆனால் அலை உள்ளிழுக்கும். வெள்ளைக்காரர் பலகையில் சறுக்குகிறார்கள் என்று நாமும் இறங்கிக் குளிக்கத் தேவையில்லை.

7. ஆற்றுக்குப் போகிற வழி

உகந்தையிலிருந்து குமுக்கன் ஆறு 20 கிலோமீற்றருக்கு மேல். இடையில் வாகூர வெட்டை என்கிற திறந்த வெளி வரும். பலர் அங்கே முதல் இரவைக் கழித்து மறுநாள் ஆற்றுக்குப் போவார்கள். புதியவர்களுக்கு அதுதான் சரி. ஒரே மூச்சில் நடந்தால் இருட்டுகிற நேரத்தில் களைத்து விழுந்து ஆற்றங்கரையைத் தொடுவீர்கள், நல்ல இடமெல்லாம் போயிருக்கும்.

வெளிச்சம் வந்தவுடன் நடக்கத் தொடங்குங்கள், அதற்கு முன் வேண்டாம். விடியப்புறம் இருட்டில் பாதையில் நிற்பது யானைக்கு உரிய நேரம். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை நிழலில் கிடவுங்கள். ஆனி ஆடி வெயிலில் வெட்டைகளில் நிழலே இராது. பாதையோரத் தாங்கிகளிலும் படையினரும் பிரதேச சபைக்காரரும் வைக்கிற பவுசர்களிலும் தண்ணீர் கிடைக்கும், ஆனால் அடுத்த இடத்தில் இருக்கும் என்று எண்ணிப் பாதிப் போத்தலோடு நடக்காதீர்கள். கண்ட இடத்தில் நிரப்புங்கள்.

இது பாலைப்பழக் காலம். நமக்கு வன்னிப் பாலைப்பழம் என்றால் வாயூறும், கரடிக்கும் அப்படித்தான். மரத்தில் ஏறியிருந்து தின்னும். பழம் பொறுக்கப் பாதையை விட்டு இறங்கவே வேண்டாம். மரத்துக்கு மேலே கிளை முறிகிற சத்தம் கேட்டால் ஓடாமல், கூட்டமாகச் சேர்ந்து சத்தமாகக் கதைத்துக்கொண்டு கடந்து போங்கள். அரோகரா போடுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

8. ஆற்றங்கரையில் இடம் பிடிப்பது

குமுக்கனைக் கண்டதும் எல்லாருக்கும் வருகிற ஆசை, பையைப் போட்டுவிட்டு மணலில் விழுந்து கிடப்பது. வெள்ளை மணல், இரண்டு பக்கமும் வானத்தை மூடின மருத மரங்கள், நடுவில் முழங்கால் அளவு தண்ணீர். நாலு நிமிடம் கிடந்துவிட்டு எழும்பி இடம் தேடுங்கள். பின்னேரம் நான்கு மணிக்குள் இடம் முடிவாகியிருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஆறரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், மரங்களுக்குக் கீழே அதற்கு முன்பே இருள் விழும்.

மணல் திட்டில் படுக்காதீர்கள். அது முதலையின் இடம், யானை தண்ணீர் குடிக்க இறங்குகிற இடமும் அதுதான். மேலே மொனராகலைப் பக்கம் மழை பெய்தால் இங்கே வானம் வெளித்திருக்கும்போதே தண்ணீர் கூடும். கரைக்கு மேலே ஏறி, ஆற்றிலிருந்து நாற்பது ஐம்பது அடியாவது தள்ளிச் சமதரை பாருங்கள். பிறகு கீழே பாருங்கள். புது இலத்தி, மிதிபட்டுச் சாய்ந்த புல், கரையில் வழுக்கி இறங்கின தடம் இருந்தால் அது யானைப்பாதை. எவ்வளவு நல்ல நிழலென்றாலும் விட்டுவிட்டு நகருங்கள். கடைசியாக மேலே பாருங்கள். முதிர்ந்த மருத மரத்தில் காய்ந்த கொப்புகள் இருக்கும். காற்றில்லாத இரவிலும் அவை முறிந்து விழும்.

மற்றக் கூட்டங்களுக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். அமைதி வேண்டும் என்று ஒதுங்கிப் போய்க் கூடாரம் போடுகிற பெடியள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். பக்கத்துக் கூட்டத்துச் சாமி விடிய விடியத் தேவாரம் பாடுகிறார் என்றால் காதில் பஞ்சை வையுங்கள், இடத்தை மாற்ற வேண்டாம்.

குளிக்கிற இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பலர் குளிக்கிற, அடிமணல் தெரிகிற, முழங்காலளவு ஆழமுள்ள இடத்தில் பகலில் மட்டும். மடுவாகக் கறுத்துத் தெரிகிற இடத்துக்குக் கிட்டவே போகக்கூடாது. பானை சட்டியை ஆற்றுக்குள் இறங்கிக் கழுவாதீர்கள், தண்ணீரை அள்ளி வந்து கரையில் கழுவுங்கள். சோறும் கறியும் கரைகிற இடத்துக்கு மீன் வரும், மீனுக்குப் பின்னால் முதலை வரும். சவர்க்காரமும் ஆற்றுக்குள் வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தான் கீழே இன்னொரு கூட்டம் குடிக்கிறது.

மலசலத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய் வாருங்கள். ஆற்றிலிருந்து விலகி, இரண்டு பேராக, ஒரு தடியால் அரையடிக் குழி தோண்டி, முடிந்ததும் மூடுங்கள். தற்காலிகக் கழிப்பறை வைத்திருந்தால், நாற்றத்தைச் சாட்டு வைக்காமல் அதற்கே போங்கள்.

9. குடிதண்ணீரும் அடுப்பும்

தாங்கித் தண்ணீர் கிடைத்தால் குடிக்க அது. கிடைக்காவிட்டால் ஊற்று. தண்ணீர் ஓடுகிற விளிம்பிலிருந்து ஏழெட்டடி தள்ளி மணலில் கையாலேயே ஒரு முழம் தோண்டுங்கள். அடியில் கலங்கலாக ஊறும். சிரட்டையால் இறைத்து வெளியே ஊற்றுங்கள். மறுபடி ஊறும், மறுபடி இறையுங்கள். மூன்றாம் நாலாம் தடவை மணல் படிந்து, கிணறு இறைத்து விட்ட மறுநாள் மாதிரித் தெளிந்து நிற்கும். அதைச் சாரத்துண்டில் வடித்து, பானையில் விட்டு, குமிழ் தள்ளிக் கொதித்த பிறகும் சில நிமிடம் அடுப்பில் விட்டு இறக்குங்கள். தெளிவாக இருக்கிறது என்று பச்சையாகக் குடித்தால் ஆற்றுக்கு அப்பால் வருகிற வியாழை என்ற இடத்தில் வயிற்றோட்டத்தோடு படுத்திருப்பீர்கள். கொத்தமல்லி கொஞ்சம் போட்டுக் கொதிக்க வைத்தால் பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் குடிக்கும்.

அடுப்பு மூன்று கல்லோடு, சருகைக் கூட்டி ஒதுக்கின வெறுந்தரையில். விழுந்து கிடக்கிற சுள்ளி போதும், பச்சைக் கொப்பு முறிப்பது குற்றம். சோறும் பருப்பும் ஒரே பானையில் போட்டுக் கஞ்சியாக இறக்குவது நேரமும் விறகும் மிச்சம். ஐந்தரைக்குள் சாப்பிட்டுப் பானையைக் கழுவி, மிச்சத்தைக் குழியில் மூடுங்கள். காட்டுப்பன்றியும் குரங்கும் மிச்சத்தைத் தேடித்தான் வரும். அரிசிப்பையையும் உப்பையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். எல்லாருடைய சாப்பாட்டுச் சாமானையும் ஒரு பையில் கட்டி, படுக்கிற இடத்திலிருந்து தள்ளிக் கயிற்றில் உயரக் கட்டுங்கள்.

10. இரவு

நெருப்பு விடிய வரை எரிய வேண்டும். பெரிதாக வேண்டாம், கனன்றுகொண்டிருந்தால் போதும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். நடுச்சாமத்து முறையை ஆகக் களைத்தவருக்குக் கொடுக்காதீர்கள், இருந்தபடியே தூங்கிவிடுவார்.

யானை வந்தால்? அநேகமாக ஆற்றுக்கு வந்து குடித்துவிட்டுத் தன் பாட்டில் போகும். டோர்ச்சை முகத்துக்கு அடிக்காதீர்கள், படம் எடுக்க எழும்பாதீர்கள், கல்லெறியாதீர்கள். எல்லாரையும் மெதுவாக எழுப்பி நெருப்புப் பக்கம் சேர்த்து, பக்கத்துக் கூட்டத்துக்குச் சொல்லுங்கள். பாதுகாப்புப் படையினர் கிட்ட நின்றால் அவர்களுக்கும். தனியே எழும்பி இருட்டில் ஒதுங்கப் போவதுதான் ஆபத்து. ஒருவர் போக வேண்டுமென்றால் இன்னொருவர் எழும்பத்தான் வேண்டும், வெட்கம் பார்க்க நேரமில்லை.

விடிய எழும்பினதும் செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். தேளும் பூரானும் அதற்குள்தான் படுக்கும். உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று இடுப்பு, கமக்கட்டு, காது மடலுக்குப் பின்னால் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பு வைத்துச் சுடுவதும் எண்ணெய் பூசுவதும் வேண்டாம்.

11. உடம்பு சரியில்லாவிட்டால்

வழியில் மருத்துவ முகாம்கள் இருக்கும். கொப்புளமோ தலைச்சுற்றோ வந்தால் அங்கேயே நின்று காட்டுங்கள். அடுத்த இடத்தில் பார்ப்போம் என்று நடந்து நடந்துதான் சின்ன வருத்தம் பெரிதாகிறது. பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். ஆளை நடக்கவிடாமல் படுக்க வைத்து, கிட்டவுள்ள படையினருக்கோ வனஜீவராசிகள் உத்தியோகத்தருக்கோ உடனே சொல்லுங்கள், வாகனம் அவர்களிடம்தான் இருக்கும். வெளியே சிக்னல் உள்ள இடத்தில் 1990க்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஊருக்கு வந்து மூன்று கிழமைக்குள் காய்ச்சல் அடித்தால், ஆற்றிலும் சேற்றிலும் நின்றதை வைத்தியரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று பார்க்க அது உதவும்.

12. ஆற்றைக் கடந்த பிறகு

புறப்பட முதல் நெருப்பில் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். தொட்டால் குளிர வேண்டும். கொண்டு வந்த குப்பையைக் கட்டிக்கொண்டு போங்கள். ஆற்றைக் கடக்கும்போது தடி ஊன்றி, பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டு, கூட்டமாக, மற்றவர்கள் கடக்கிற இடத்தாலேயே கடவுங்கள்.

அங்கிருந்து நாவலடி, வியாழை, கட்டகாமம் வழியாகக் கதிர்காமம். முழுக் காட்டுப்பாதைக்கும் நான்கு அல்லது ஐந்து நாள் வையுங்கள். லீவில் ஒரு நாள் மிச்சமிருந்தால் அதைக் கதிர்காமத்துக்கு வைக்காமல் குமுக்கனில் இரண்டாவது இரவுக்குச் செலவழியுங்கள் என்பேன். முதல் இரவு பயத்திலேயே போய்விடும்.

கதிர்காமத்தில் கொடியேற்றத்தை ஒட்டி அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். மாணிக்க கங்கையில் குளித்துக் கும்பிட்டுவிட்டு அன்றிரவே பஸ் ஏறுவது பலருக்கு வசதி. கொழும்புக்கு நேரடி பஸ்கள் உண்டு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் என்றால் இருக்கையை வீட்டிலிருந்து வெளிக்கிட முன்பே பதிந்து வையுங்கள். போயா (பூரணை விடுமுறை) நாளை ஒட்டிய ரயில்களில் நின்றுகொண்டு வர அந்தக் கால் இடம் கொடுக்காது. கிழக்குப் பக்கத்தாலேயே திரும்ப விரும்பினால் வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவில் வந்து அக்கரைப்பற்றில் இரவு பஸ்ஸைப் பிடிக்கலாம். இடையில் இரண்டு மூன்று பஸ் மாற வேண்டியிருக்கும், ஆகவே கதிர்காமத்தில் விடியவே ஏறிவிடுங்கள்.